நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

1995-ஆம் வருடம் மாசி மாதம் நடந்தது இது. அப்போது நான் காரைக்குடியில் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு திருப்பத்தூரில். காலையில் பஸ் ஏறினால் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் காரைக்குடி வரை வரவேண்டும். அந்த நெரிசலிலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கிற ஆள் நான். கண்டக்டர் என்னை 'சயின்டிஸ்ட்' என்றுதான் கூப்பிடுவார். கேலிதான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பிடித்தம்தான் என்னைக் கவிழ்த்தது என்று இப்போது தோன்றுகிறது.

கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்து, அதை டைப் அடித்துப் புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் கிணற்றுத் தண்ணீரையும் பாக்கெட் பாலையும் சோதித்தார்கள். எனக்கு அதெல்லாம் சப்பென்று இருந்தது. நூலகத்துக்கு மாதக்கணக்கில் தாமதமாக வந்துசேரும் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் முடக்குவாதம் பற்றிப் படித்தேன். விரல் மூட்டும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் எழுந்தால் கை விறைத்துப் போகுமே, அந்த நோய். உடம்பைக் காக்க வேண்டிய செல்களே தடுமாறிப்போய் சொந்த மூட்டைத் தாக்குகின்றன. தாக்கும்போது ஆக்சிஜனில் ஒரு முரட்டு வகையை உண்டாக்கி வீசுகின்றன. அது பட்ட இடத்தில் செல்லின் கொழுப்பு கெட்டுப்போகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் பலகார டப்பாவின் அடியில் நெடுநாள் கிடந்த முறுக்கு காறல் அடிக்குமே, கிட்டத்தட்ட அதே ரசாயனம்தான், உயிரோடு இருக்கிற மனிதருக்குள். இதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

அதை அளக்க ஒரு வழியும் இருந்தது. இரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரை எடுத்து, ஓர் அமிலத்தைச் சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் ரோஜா நிறம் வரும். கெடுதல் எவ்வளவு அதிகமோ, நிறம் அவ்வளவு அடர்த்தி. முதல் தடவை அந்த நிறம் வந்தபோது ஆய்வகத்தில் நான் கத்தியதை நண்பர்கள் ரொம்ப நாள் நடித்துக் காட்டினார்கள்.

காரைக்குடியில் ஒரு சின்ன கிளினிக். அங்கே சனிக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து மூட்டுவலி டாக்டர் ஒருவர் வருவார். என் பேராசிரியர் அவரிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். அனுப்பும்போது தெளிவாகச் சொல்லியும் அனுப்பினார்: "புதுசா வர்றவங்கள்ல, இன்னும் மருந்து ஆரம்பிக்காதவங்களை மட்டும் எடு. மருந்து சாப்பிட்டா அளவு மாறிரும். பத்துப் பேர் கிடைச்சா நல்லது. கிடைக்கலேன்னா கிடைச்ச வரைக்கும் போதும்."

சனிக்கிழமை தோறும் போனேன். கல்லூரியில் போடுகிற வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போவேன். கிளினிக்கில் யாரும் போடச் சொல்லவில்லை. போட்டால் ஒரு மிடுக்கு. வரிசையில் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்ப்பார்கள். 'டாக்டர் தம்பி' என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் வாரம் சொன்னேன். இரண்டாம் வாரம் பாதிப் பேரிடம் சொன்னேன். அதற்கப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. மூன்று சனிக்கிழமை காத்திருந்தும் புதிதாக யாரும் வரவில்லை. 'கிடைத்த வரைக்கும் போதும்' என்று பேராசிரியர் சொன்னது எனக்குப் போதவில்லை. அட்டவணையில் ஒன்பது வரியும் கீழே ஒரு வெற்றிடமும் இருப்பது சாப்பாட்டில் உப்பு இல்லாத மாதிரி உறுத்தியது.

அந்த நேரத்தில்தான் அவரைப் பார்த்தேன். முப்பத்து நான்கு வயது. கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றில் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். மாதம் ஒரு தடவை டாக்டரைப் பார்க்க வருவார். நான்கு வருட நோய், ஆனால் கட்டுக்குள் இருந்தது.

"நின்னுக்கிட்டே எழுதுறீகளே டாக்டர் தம்பி, இங்குட்டு ஒக்காருங்க" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். "வெள்ளையில சின்னது ஒண்ணு, காலையில. மஞ்சள் ஒண்ணு, ரெண்டு வேளை. அதுக புண்ணியத்துலதான் இந்த விரலு மிசின்ல ஓடுது" என்று பத்து விரலையும் காற்றில் ஆட்டிக் காட்டிச் சிரித்தார்.

"ஒரு ஆராய்ச்சிக்கு ஒங்க ரத்தம் கொஞ்சம் வேணும். அஞ்சு மில்லிதான். ஆனா மருந்து கலக்காத ரத்தமா இருக்கணும். ரெண்டு வாரம் மாத்திரையை நிறுத்திட்டு வரணும்" என்றேன்.

"பெரிய டாக்டர் சொன்னாகளா?"

டாக்டர் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். பத்தடி தூரம். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்பார் என்பது உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நான் எழுந்திருக்கவில்லை.

"ஆமா, சொன்னாக" என்றேன்.

அவர் கைப்பையைத் திறந்து பழுப்பு உறைக்குள்ளிருந்து ஒரு கார்டை எடுத்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்தது. பதிந்து பதினோரு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் கார்டு. சிவகங்கையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை நேர்முகமும் தட்டச்சுத் தேர்வும்.

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் தம்பி. இதுதான் மொதலும் கடைசியும். அதுக்குள்ள மாத்திரையை ஆரம்பிச்சிரலாம்ல?"

நான் விரல் விட்டு எண்ணினேன். இரண்டு வாரம் கழித்துப் புதன்கிழமை இரத்தம். அதற்கு அடுத்த புதன் தேர்வு. நடுவில் ஏழு நாள் இருக்கிறது. "தாராளமா. ரத்தம் குடுத்த அன்னைக்கே ஆரம்பிச்சிருங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன். அதோடு நின்றேனா? படித்ததையெல்லாம் கொட்டினேன். முரட்டு ஆக்சிஜனை அடக்க உடம்புக்கு உள்ளேயே ஆட்கள் உண்டு, நெல்லிக்காயிலும் கேரட்டிலும் அந்தச் சத்து நிறைய இருக்கிறது, மாத்திரை செய்கிற வேலையை இந்த இரண்டு வாரமும் நெல்லிக்காய் செய்துவிடும் என்றேன். தினம் இரண்டு நெல்லிக்காய் என்று என் நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதியே கொடுத்தேன், மருந்துச் சீட்டு மாதிரி. அப்படி எந்த ஆராய்ச்சியும் நான் படித்த பத்திரிகையில் இல்லை. அது நானாகப் போட்ட கணக்கு.

இரண்டு வாரம் கழித்துப் புதன்கிழமை காலை அவர் வந்தார். காரைக்குடிக்குள் சுற்ற நண்பன் ஒருவன் சைக்கிள் தருவான்; அதன் கேரியரில் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு நான் முன்னாலேயே போய்க் காத்திருந்தேன். அவர் நடை மாறியிருந்தது. படியில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக ஏறி வந்தார். செருப்பின் வாரைப் போடாமல் விட்டிருந்தார்.

கிளினிக்கில் இரத்தம் எடுக்கிற அண்ணன் முழங்கைக்கு மேலே ரப்பர் குழாயைக் கட்டிவிட்டு, "கையை மூடுங்கம்மா" என்றார். அவரால் மூட முடியவில்லை. விரல்கள் பாதி வளைந்து அப்படியே நின்றன. கணுக்கள் எல்லாம் பளபளவென்று வீங்கியிருந்தன.

"என்னம்மா கை இப்பிடிக் கெடக்கு? டாக்டர்கிட்டக் காமிச்சீகளா?" என்று அந்த அண்ணன் கேட்டார்.

"அது சரியாயிரும்ணே. நீங்க எடுங்க" என்று குறுக்கே விழுந்தது நான்தான்.

ஊசி ஏறும்போது டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நெல்லிக்காய் ஒரு நாள்கூட விடல தம்பி" என்று மட்டும் சொன்னார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "ராத்திரி ஜெபத்துக்கு மெழுகுதிரி ஏத்தணும், தீக்குச்சியை ஒரச முடியல. அப்பாதான் ஏத்துறாக. இது போயிரும்ல?"

"போயிரும், போயிரும். இன்னைக்கே மாத்திரை போட்டுக்கங்க" என்றேன். ஐஸ் கரைவதற்குள் கல்லூரிக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கைப்பையின் ஜிப்பை மூட முடியாமல் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சைக்கிளை எடுத்தேன்.

அன்று மதியம் வந்த நிறத்தை என்னவென்று சொல்வது! மற்ற ஒன்பது குழாயும் வெளிறிய ரோஜா. இது மட்டும் பீட்ரூட் வெந்த தண்ணீர் மாதிரி. அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஆய்வகம் முழுக்க ஓடினேன். "பாத்தியாடா! மருந்தை நிறுத்துனா எவ்வளவு ஏறுது பாத்தியா!" ஒவ்வொருவரிடமும் காட்டினேன். நண்பன் ஒருவன் கேண்டீனில் போண்டா வாங்கித் தந்தான். அந்த நிறம் எதனால் வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கையிலிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அடுத்த புதன்கிழமை வந்து போனதும் எனக்குத் தெரியாது. அன்று நான் வரைபடத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

பங்குனியில் ஆய்வை எழுதி முடித்தேன். எழுதுவது என்றால் சீனியர் ஒருவருடைய ஆய்வேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். முன்னுரை, செய்முறை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் அச்சு ஒன்று உண்டு. பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும். செய்முறை அத்தியாயத்தில் அவர் எழுதியிருந்த ஒரு வரியை அப்படியே பெயர்த்து வைத்தேன். ஆங்கிலத்தில் அழகான வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இந்த ஆய்வுக்காக எவருடைய சிகிச்சையும் நிறுத்தப்படவில்லை.' அந்த வரியின் அர்த்தத்தையே நான் படிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு வரி இருக்க வேண்டும், இருந்தது, அவ்வளவுதான்.

டைப் அடிக்க எங்கே கொடுப்பது என்று கேட்டபோது எல்லோரும் ஒரே இன்ஸ்டிடியூட்டைச் சொன்னார்கள். பிழையே வராதாம். அங்கே ஒருவர் வாசிக்க ஒருவர் அடிப்பார்களாம். ஒரு காலையில் போய் இன்ஸ்டிடியூட்காரரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கோழி கிண்டுன மாதிரி எழுதியிருக்கீக. பரவாயில்ல, எங்க டீச்சர் வாசிச்சிருவாக. முன்னாடி அவுக அடிப்பாக, நான் வாசிப்பேன். இப்ப தலைகீழு. நாளன்னைக்கிச் சாயங்காலம் வந்து திருத்தம் பாருங்க" என்றார்.

எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை.

சொன்ன நாளில் சாயங்காலம் போனேன். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே குரல் கேட்டது. உள்ளே பெண்குரல் ஒன்று என்னுடைய ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, நடுவே கமா, புல்ஸ்டாப் எல்லாம் சொல்லி வாசித்துக்கொண்டிருந்தது. கூடவே மிசின் சத்தம். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிய அடுத்த விநாடி எங்கே என்றும் தெரிந்துவிட்டது. சைக்கிளை விடாமல் அங்கேயே நின்றேன்.

செய்முறை அத்தியாயம்தான் போய்க்கொண்டிருந்தது. நோயாளிகள் பத்துப் பேர், கமா, இரத்தம் எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் எந்த மருந்தும் உட்கொள்ளாதவர்கள், புல்ஸ்டாப். மிசின் அடித்து முடித்தது. அடுத்த வரி. எவருடைய சிகிச்சையும்...

குரல் நின்றது. மிசின் மட்டும் இரண்டு எழுத்து கூடுதலாக அடித்துவிட்டு அதுவும் நின்றது.

"என்ன டீச்சர், நடுரோட்டுல பிரேக்கு?" என்றார் இன்ஸ்டிடியூட்காரர்.

"இந்த வரியை அடிக்கணுமான்னு எழுதுன ஆளைக் கேட்டுக்கிருவோம்ணே."

"அந்தத் தம்பி வரட்டும்..."

"வந்துட்டாக. வாசல்ல சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக."

உள்ளே போனேன். அவர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் தாள்களைக் கையில் பிடிக்காமல் சாய்வுப் பலகை ஒன்றில் வைத்திருந்தார். பக்கம் திருப்ப ஒரு பென்சிலின் ரப்பர் முனையை வைத்திருந்தார். விரலால் திருப்ப முடியவில்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"வாங்க டாக்டர் தம்பி" என்றார். பிறகு இன்ஸ்டிடியூட்காரரிடம், "டாக்டர் இல்லையாம்ணே. முன்னால அட்டையிலயே போட்டிருக்கு, எம்.எஸ்ஸி. மாணவர்னு. நான்தான் அட்டையைப் பாக்காம ரத்தம் குடுத்தவ."

என் கண் அந்த அட்டைக்குப் போனது.

"இதையும் அடிக்கணுமா?" என்று பென்சிலால் அந்த வரியைத் தொட்டார்.

"அது... சீனியர் தீசிஸ்ல அப்பிடி இருந்துச்சு."

"அப்ப இது நீங்க எழுதலையா? அவுக எழுதுனதா? அவுகளும் யாரையாச்சும் நிறுத்தச் சொன்னாகளா?"

இன்ஸ்டிடியூட்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு மிசின் மேல் துணியைப் போட்டு மூடினார். போடும்போது என்னைப் பார்த்து, "எங்க இன்ஸ்டிடியூட்ல பிழை வராதுன்னு பேரு. இதுல எங்கே கை வைக்கிறதுன்னே தெரியலையே தம்பி" என்றார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் பென்சிலால் பக்கங்களைத் தள்ளி அட்டவணைக்குப் போனார். "பத்தாவது நான்தானே? பெண், முப்பத்திநாலு."

"ஆமா."

"எல்லாரையும்விட எனக்குத்தான் ஜாஸ்தியா இருக்கு."

"ஆமா."

"அது நல்லதா, கெட்டதா?"

அளவு கூடினால் கெடுதல் கூடியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் இடைமறித்து, "எனக்கு என்னன்னு கேக்கல. ஒங்களுக்கு அது நல்லதா கெட்டதான்னு கேக்குறேன்" என்றார்.

போண்டா தின்றது ஞாபகத்துக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அன்னைக்குச் சந்தோஷமா இருந்துச்சு" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அதற்கப்புறம்தான் சிவகங்கை கதையைச் சொன்னார். ரொம்ப நீட்டவில்லை. இரத்தம் கொடுத்த அன்றே மாத்திரையை ஆரம்பித்தார். ஏழு நாளில் வீக்கம் அடங்கவில்லை. ஆனாலும் போனார். அப்பாதான் பஸ்ஸில் கைப்பிடித்து ஏற்றினார். தேர்வில் கொடுத்த மிசின் கனம். சுண்டுவிரலால் ஷிப்ட் கட்டையை முழுசாக அழுத்த முடியாமல் பெரிய எழுத்தெல்லாம் பாதி மேலே ஏறிப் பதிந்தது. நாலு வரி அடித்தார். "அஞ்சாவது வரியில நானே பேப்பரை உருவி மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சிட்டேன். பக்கத்துல அடிச்சுக்கிட்டு இருந்த புள்ள எங்கிட்டப் படிச்ச புள்ள. அது என்னையப் பாத்துச்சு பாருங்க..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று என் தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கண்டக்டர் வழக்கம்போல் 'என்ன சயின்டிஸ்ட்' என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அட்டவணையை வாங்கி, பத்தாவது வரியின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "சனிக்கிழமை போய் டாக்டர்கிட்ட நீயே சொல்லு. நான் கூட வரமாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை கோட்டு இல்லாமல் போனேன். டோக்கன் வாங்கி நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் டாக்டர், "ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த வெள்ளை மாத்திரை என்னன்னு தெரியுமா? நாலு வருஷமா சாப்பிடுறவங்க அதைத் திடீர்னு நிறுத்தினா மயங்கி விழலாம். உயிரே போயிருக்கலாம். குறைக்கணும்னா நானே கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பேன். தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாமத்தான் சொன்னீங்க இல்லையா?" அடுத்துச் சொன்னார்: "அவங்க வந்தப்ப சத்தம் போட்டேன், யாரைக் கேட்டு நிறுத்துனீங்கன்னு. நானாத்தான் நிறுத்தினேன்னு சொன்னாங்க. அதுக்கும் சேர்த்துத் திட்டினேன்." பிறகு கதவைக் காட்டினார். இனி அங்கே வரவேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

அவருடைய திட்டு எனக்குச் சேர வேண்டியது. அதை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'எவ்வளவு பெரிய மனசு' என்று தோன்றியது. நேரே இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு நன்றி சொன்னேன். அங்கேயும் அடி.

"ஒங்களைக் காப்பாத்துனேன்னு யாரு சொன்னா?" என்றார். "டிகிரி படிச்சவ, நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கிறவ, ஒரு வெள்ளைக் கோட்டைப் பாத்து ஏமாந்துட்டேன்னு டாக்டர்கிட்டச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் சொல்லல. என்னைய நல்லவளாக்கிட்டு நீங்க நிம்மதியாப் போயிராதீக."

எத்தனையோ தடவை இந்த வார்த்தையை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தப்புச் செய்தவன் நான். வெட்கத்தைச் சுமந்தவர் அவர்.

பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சிவகங்கைக்கும் போனேன். மறுதேர்வு வைக்க முடியுமா என்று கேட்க. அந்த அலுவலகத்தில் மூன்று மேஜை சுற்றினேன். கடைசி மேஜைக்காரர் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு, "ஆள் சேந்து பத்து நாளாச்சு தம்பி. அங்க பாருங்க, அடிச்சுக்கிட்டு இருக்கு" என்று காட்டினார். இருபத்தி மூன்று, இருபத்தி நான்கு வயதுப் பெண். வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. இன்ஸ்டிடியூட்டில் படித்த அந்தப் பிள்ளையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆய்வேட்டை மறுபடி எழுதினேன். ஒன்பது பேர். சீனியர் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் செய்முறை அத்தியாயத்தை நானே எழுதினேன். என் ஆங்கிலம் அப்போது சுமார்தான்; அந்த ஒரு வரிக்கு ஒரு ராத்திரி ஆனது. டைப் அடிக்க வேறு இடம் பார்க்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. அதே இடத்துக்குத்தான் போனேன்.

இந்தத் தடவை வெளியே நிற்கவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் பலகையில் தாளை வைத்து, பென்சிலால் வரியைப் பிடித்து வாசித்தார். இன்ஸ்டிடியூட்காரர் அடித்தார். அந்த வரி வந்தது. பத்தாவதாக ஒருவரிடம், கமா, மருத்துவரின் அனுமதி இல்லாமல், கமா, மருந்தை நிறுத்தச் சொல்லி இரத்தம் எடுக்கப்பட்டது, புல்ஸ்டாப். அது இந்த ஆய்வாளரின் தவறு, புல்ஸ்டாப். அதனால் அவருக்குத் தீங்கு நேர்ந்தது, புல்ஸ்டாப். அந்த அளவு இதில் சேர்க்கப்படவில்லை, புல்ஸ்டாப்.

ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், மற்ற வரிகளை வாசிக்கிற மாதிரியேதான் வாசித்தார். முடித்ததும் மிசின் பக்கம் எட்டிப் பார்த்து, "ரெண்டாவது புல்ஸ்டாப் சரியா விழலண்ணே, இன்னொரு தடவை அழுத்துங்க" என்றார். அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. மதுரையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். அவர் இன்னமும் அதே இன்ஸ்டிடியூட்டில்தான் இருக்கிறார் என்று நண்பன் சொன்னான். மாத்திரை வேலை செய்து, கை கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதாம். சிறிய பிள்ளைகளுக்கு மட்டும் அடித்துக் காட்டுகிறாராம். கார்டு அதற்கப்புறம் வரவில்லை, வரவும் வராது.

என் வேலையில் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர் கையை நீட்டுகிறார்கள். பாதிப் பேர் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊசியை எடுப்பதற்கு முன்னாலேயே நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் ரப்பர் குழாயைக் கட்டி, 'கையை மூடுங்க' என்கிறேன். எல்லோரும் சட்டென்று மூடிவிடுகிறார்கள். மூடுகிற அந்த ஒரு விநாடி, ஒவ்வொரு கைக்கும், மூட முடியாத ஒரு கையைப் பார்த்து 'இன்றைக்கு நிறம் நன்றாக வரும்' என்று காத்து நின்றவன் நான்தான் என்பது எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.